லே அரண்மனை: வெற்றறைகளைக் காண அவ்வளவு உயரம் ஏற வேண்டுமா?

பொன்னி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதத்தில் என் தந்தையாரை லடாக்கிற்கு அழைத்துச் செல்வதாக இருக்கிறேன். அவர் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதை நெருங்கும் அவருக்கு இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு உடற்குறை எதுவும் இல்லை. லடாக் என்றதும் எல்லோரும் கேட்கும் பாங்காங் ஏரியையோ நூப்ரா பள்ளத்தாக்கையோ அவர் கேட்கவில்லை. லே நகரத்திற்கு மேலே குன்றின்மீது நிற்கும் ஒன்பது மாடி அரண்மனையைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார்.

ஆனால் போய்வந்தவர்களில் பலர் அதைப் பற்றி ஒரே மாதிரியாகத்தான் சொல்கிறார்கள். உள்ளே அரியணையும் இல்லை, ஆயுதங்களும் இல்லை, அரச குடும்பத்தின் பொருள் ஒன்றுகூட இல்லை. இருண்ட அறைகள் வழியாக ஏறி, மேல்தளத்திலிருந்து ஊரைப் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம், அரைமணி நேரம் போதும் என்பதே அவர்களின் கருத்து. மைசூர் அரண்மனையையும் ராஜஸ்தானத்து அரண்மனைகளையும் கண்டு களித்த என் தந்தையார், மூச்சிரைக்க அவ்வளவு உயரம் ஏறி, வெறும் சுவர்களைப் பார்த்து மனம் சோர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அந்த அரண்மனை ஏன் இப்படி வெறுமையாக இருக்கிறது? வரலாறு படித்த ஒருவர் அங்கே கூர்ந்து பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இந்த வயதில் அவர் அங்கே ஏறுவது சரியா? அரச குடும்பத்தின் பொருள்கள் ஸ்டோக் என்னும் ஊரில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்; அங்கே மட்டும் போனால் போதுமா? அறிந்தவர்கள் சற்று விரிவாகவே சொன்னால் மிக்க நன்றியுடையவளாக இருப்பேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வணக்கம், பொன்னி அவர்களே. உங்கள் தந்தையார் வரலாற்று ஆசிரியர் என்பதால் முதல் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். அந்த அரண்மனை வெறுமையாக இருப்பதே அதன் வரலாற்றின் பெரும்பகுதி. அதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு அந்த அறைகள் ஏமாற்றம் தருவதில்லை.

அரண்மனையை இன்று நாம் காணும் உருவில் எழுப்பியவர் செங்கே நம்கியால். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இவருடைய காலம்தான் லடாக் அரசின் உச்சம் என்று சொல்ல வேண்டும். இவருடைய தந்தை ஜம்யாங் நம்கியால், லடாக்கிற்கு அண்டையிலிருந்த முஸ்லிம் நாடான பால்டிஸ்தானத்தின்மீது படையெடுத்துத் தோற்றார். சிறைப்பட்டு, பிறகு பால்டி அரசகுலத்துப் பெண்ணான கியால் காத்தூனை மணந்து நாடு திரும்பினார். அந்த முஸ்லிம் அரசியின் மகன்தான் செங்கே நம்கியால். தோற்ற அரசனின் மகன் 1630இல் மேற்குத் திபெத்தின் கூகே நாட்டையே வென்று தன் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டார். ஸ்டக்சாங் ரஸ்பா என்னும் துறவியைக் குருவாகக் கொண்டு ஹெமிஸ், ஹன்லே மடாலயங்களுக்குப் பெரும் ஆதரவளித்தார். அரசவையில் முரசும் நாகசுரம் போன்ற ஊதுகருவியும் இசைத்த குடும்பங்கள் கியால் காத்தூனோடு பால்டிஸ்தானத்திலிருந்து வந்தவர்களின் வழியினர் என்று லேயில் இன்றும் சொல்கிறார்கள். ஒரு பௌத்த அரண்மனையின் கதையில் இத்தனை ஊடுபாவு இருப்பதை உங்கள் தந்தையார் நிச்சயம் விரும்புவார்.

லே அரண்மனையைச் சிறிய போதலா என்று வழிகாட்டிகள் பலர் அறிமுகப்படுத்துவார்கள். தோற்றத்தில் ஒற்றுமை உண்டு என்பது உண்மைதான். ஆனால் திபெத்தின் லாசாவில் ஐந்தாம் தலாய் லாமா போதலா அரண்மனையைக் கட்டத் தொடங்கியது 1645இல்; செங்கே நம்கியால் இறந்ததோ 1642இல். எது எதற்கு முந்தியது என்பதை இந்த இரண்டு ஆண்டுக் குறிப்புகளே காட்டிவிடும்.

இவ்வளவு பெரிய மாளிகையைக் கட்டுவதற்கான செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கு விடை அரண்மனைக்குக் கீழே இருக்கும் கடைத்தெருதான். கரகோரம் கணவாய் வழியாக யார்க்கந்திலிருந்தும், சோஜிலா கணவாய் வழியாகக் காஷ்மீரிலிருந்தும், கிழக்கே லாசாவிலிருந்தும், தெற்கே குலுவிலிருந்தும் வந்த வணிகக் கூட்டங்கள் லேயில் கூடின. சாங்தாங் மேட்டுநிலத்து ஆடுகளின் பஷ்மினா உரோமம் இந்த ஊர் வழியாகத்தான் காஷ்மீரத்துச் சால்வை நெசவாளரை அடைந்தது. 1684ஆம் ஆண்டின் திங்மோஸ்காங் உடன்படிக்கையில் திபெத்தும் லடாக்கும் எல்லையைப் பற்றிப் பேசியதைப் போலவே இந்த உரோம வணிகத்தைப் பற்றியும் பேசியிருக்கின்றன என்றால், அதன் மதிப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி வெறுமைக்கு வருவோம். 1834இல் ஜம்முவின் குலாப் சிங் அனுப்பிய தளபதி ஜொராவர் சிங் டோக்ரா படையுடன் லடாக்கிற்குள் நுழைந்தார். அப்போது ஆண்ட சேபல் நம்கியால் 50,000 ரூபாய் போர் இழப்பீடும், ஆண்டுதோறும் 20,000 ரூபாய் திறையும் செலுத்த ஒப்புக்கொண்டு பணிய நேர்ந்தது. அதற்குப் பிறகு கலகங்களும் அவற்றை அடக்கும் படையெடுப்புகளும் தொடர்ந்தன. ஜொராவர் சிங் 1841 டிசம்பரில் திபெத்தில் போரிட்டு மாண்டார். டோக்ராக்களும் திபெத்தும் செய்துகொண்ட 1842இன் சூசூல் உடன்படிக்கையோடு லடாக்கின் தனியாட்சி முற்றாக முடிந்துபோனது. அரச குடும்பத்திற்கு எஞ்சியது சிந்து நதிக்கு அப்பால் உள்ள ஸ்டோக் என்னும் சிற்றூர்தான். அவர்கள் அங்கே குடிபெயர்ந்தபோது தங்கள் அணிகலன்களையும் திருவுருவங்களையும் உடன் கொண்டுசென்றார்கள். அன்று வெளியேறியவர்கள் லே அரண்மனையில் குடியிருக்கத் திரும்பவே இல்லை. நீங்கள் காணப்போகும் வெற்றறைகள் கிட்டத்தட்ட 190 ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு முடிவுக்கு வந்ததன் நேரடிச் சான்று. பட்டுத் திரைகளும் மரச்சாமான்களும் நிறைந்த அரண்மனைகளில் இப்படி ஒரு முடிவை நாம் கண்ணால் காண முடிவதில்லை.

மண்சுவர் எழுதியது:

ஏட்டுச்சுவடி அவர்கள் அரசர்களைச் சொல்லிவிட்டார். நான் கட்டடத்தைச் சொல்கிறேன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். மண்ணையும் மரத்தையும் கல்லையும் மட்டும் கொண்டு மனிதர்கள் எவ்வளவு உயரம் எழும்ப முடியும் என்பதை அறிய விரும்பும் எவருக்கும் நான் முதலில் சொல்லும் இடம் இதுதான். சாமான்கள் இல்லாமல் இருப்பது இங்கே ஒரு வசதி. எலும்புக்கூடு முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் உள்ளே போகாதீர்கள். வெளியே நின்று சுவர்களைப் பாருங்கள். அவை செங்குத்தாக நிற்கவில்லை. மேலே போகப்போக உட்புறமாகச் சாய்ந்து, கனமும் குறைந்துகொண்டே போகின்றன. அடித்தளங்கள் குன்றின் பாறையிலிருந்து எழும் கருங்கல் கட்டுமானம். மேல்தளங்கள் வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லால் ஆனவை. கற்களுக்கிடையே கிடைமட்டமாக மரக்கட்டைகளைப் பதித்திருப்பதையும் சில இடங்களில் காணலாம். நிலநடுக்கம் வரும் நிலத்தில், சுவர் விரிசல் விட்டுப் பிரிந்துபோகாமல் அந்தக் கட்டைகள் இறுக்கிப் பிடிக்கின்றன. கீழ்த்தளங்களில் சன்னல்கள் சிறியனவாகவும் அரிதாகவும் இருக்கும். மேலே போகப்போக, அதிலும் வெயில் படும் தெற்குப் புறத்தில், அவை அகன்று, ரப்சல் எனப்படும் மரப் பலகணிகளாக வெளியே நீண்டு நிற்கும். குளிர்காலத்தில் பனிநிலைக்குக் கீழே 20 பாகை வரை போகும் ஊரில் கதிரவனின் வெப்பத்தை அறைக்குள் வாங்கிக்கொள்ள அவர்கள் கண்ட வழி இது.

பிறகு கிழக்குப் பக்கத்து வாயிலுக்கு வாருங்கள். தூண்களின்மீது நிற்கும் மரமுகப்பில் வண்ணம் மங்கிய செதுக்கு வேலைகளும் சிங்க உருவங்களும் இருக்கின்றன. பெரும்பாலானோர் அண்ணாந்து பார்க்காமலேயே உள்ளே போய்விடுகிறார்கள். உங்கள் தந்தையாரைச் சில நிமிடங்கள் அங்கே நிற்கச் சொல்லுங்கள். அந்த முகப்பில் மரத்தச்சர்கள் காட்டியிருக்கும் நுணுக்கத்தைப் போல் உள்ளே வேறெங்கும் அதிகம் காண முடியாது.

உள்ளே நுழைந்தவுடன் இருட்டு. கண் பழகும்வரை காத்திருந்துவிட்டு ஏறுவது நல்லது. படிகள் ஒரே அளவில் இருக்காது. வாசற்கால்கள் தாழ்வானவை, குனியாமல் போனால் தலையில் இடிக்கும். கீழ்த்தளங்கள் கால்நடைகளுக்கும் தீவனத்திற்கும் தானியத்திற்கும் உரியவையாக இருந்தன. அரச குடும்பம் மேல்தளங்களில் வாழ்ந்தது. லடாக்கின் எளிய உழவர் வீட்டிலும் இதே அமைப்புதான்: கீழே மாடும் ஆடும், மேலே மனிதர். அளவில் மட்டும்தான் அரசன் வேறுபட்டான். இடையில் ஒரு தளத்தில் திறந்த முற்றம் வரும். அதைச் சுற்றி அறைகளும் நடைகளும் இருக்கின்றன. அரண்மனைக்குரிய துக்கர் கோயிலும் உள்ளேதான் இருக்கிறது. ஆயிரம் கைகளையுடைய வெண்குடைத் தேவியான துக்கரின் திருவுருவமும் துணியில் சுற்றிய பழஞ்சுவடிகளும் அங்கே இருக்கின்றன. வெற்றறைகளுக்கு நடுவே இன்றும் வழிபாட்டின் மணம் வீசும் அறை அது ஒன்றே. காலணிகளைக் கழற்றிவிட்டுச் செல்லுங்கள். பூசனைக்குரிய துறவி அங்கே இருந்தால், படமெடுக்கலாமா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏதேனும் ஓர் அறையில் நின்று கூரையைப் பாருங்கள். டுங்மா என்னும் பாப்ளர் மர உத்தரங்கள், அவற்றின்மீது நெருக்கமாக அடுக்கிய தாலு என்னும் வில்லோக் குச்சிகள், அதற்கு மேல் புல்லும் செடியும், அதற்கு மேல் மண். எல்லாவற்றுக்கும் மேலே மர்க்கலக் என்னும் களிமண் பூச்சு நீர் இறங்காமல் காக்கிறது. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 100 மில்லிமீட்டர் அளவுக்கே மழை பெய்யும் ஊரில் இந்தக் கூரை தலைமுறை தலைமுறையாக நிற்கும். ஆனால் மழையின் போக்கு மாறினால் இதைவிட மெலிந்த கூரை வேறில்லை. 2010 ஆகஸ்டு 5ஆம் நாள் நள்ளிரவையொட்டி லே வட்டாரத்தில் கொட்டிய மேகவெடிப்பு மழையும் வெள்ளமும் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. அதன்பிறகு லடாக்கில் மண் கட்டடங்களைக் காப்பதைப் பற்றிப் பேசும்போது எங்களுக்கு மழைதான் முதல் அச்சம்.

அரண்மனை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இடிந்துபோன பகுதிகளைத் துறை மீட்டுக் கட்டியிருக்கிறது, இன்னும் வேலை நடக்கிறது. ஆகவே புதிய மரமும் புதிய பூச்சும் பல இடங்களில் பளிச்சென்று தெரியும்; பழமையை நாடி வருகிறவர்களில் சிலருக்கு அது உறுத்துகிறது. எனக்கு உறுத்தவில்லை. மண் கட்டடம் ஆண்டுதோறும் மனிதக் கையின் பராமரிப்பை எதிர்பார்ப்பது. ஆள் வாழாத நூற்றாண்டுகளில் இழந்ததைப் புது மரம் கொண்டுதான் ஈடுசெய்ய முடியும். எது பழையது, எது புதியது என்று பிரித்தறிய முடிகிற வரையில் அது நேர்மையான பணியே.

மலைக்காற்று எழுதியது:

அம்மா, வணக்கம். நான் மருத்துவத் துறையில் பணியாற்றியவன். தங்கள் தந்தையாரின் உடல்நிலையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவில் குறைந்துவிடும். விமானத்தில் வந்திறங்குபவரின் உடல் ஓரிரு மணி நேரத்தில் இந்த மாற்றத்தைச் சந்திக்கிறது. எனவே முதல் 48 மணி நேரம் முழு ஓய்வு வேண்டும். ஓய்வு என்றால் கடைத்தெருவைச் சுற்றிவருவதும் அல்ல. விடுதியிலேயே இருந்து, போதுமான நீர் அருந்தி, எளிய உணவு உண்டு, மதுவைத் தவிர்த்து, உடலைப் பழகவிடுவது. அரண்மனைக்கு நான்காம் நாள் செல்லுங்கள். அரண்மனையின் மாடிகள் அளவில் பெரிய ஏற்றமல்ல என்றாலும், முதல்நாளே ஏறி மயங்கி விழுந்தவர்களை நான் அங்கே பார்த்திருக்கிறேன்.

மலைநோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்னும் மருந்தைப் பலர் பயணத்திற்கு முந்திய நாளிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். அது சிறுநீரை மிகுவிக்கும் மருந்து. தந்தையார் இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் மாத்திரையும் அதே வகையைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். சல்பா மருந்துகள் ஒவ்வாதவர்களும் கவனமாக இருக்க வேண்டும். ஆகவே அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் இந்தப் பயணத்தைச் சொல்லி, அவர் கூறுகிறபடியே செய்யுங்கள். இங்கே யாரும் எழுதும் அளவைப் பின்பற்ற வேண்டாம், நான் எழுதினாலும்கூட.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை தொடக்க அறிகுறிகள். ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இடைவிடாத இருமல், நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிற மலைவாழிடங்களைப் போல லேயிலிருந்து காரில் கீழே இறங்கிவிட முடியாது என்பதை நினைவில் வையுங்கள். மணாலிச் சாலை 5,300 மீட்டருக்கு மேல் உள்ள தாங்லாங் கணவாயைக் கடக்கிறது. ஸ்ரீநகர்ச் சாலையும் 4,100 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டு கணவாயில் ஏறித்தான் இறங்குகிறது. விரைவாகக் கீழே செல்வதற்கு விமானம்தான் வழி, அதுவும் பெரும்பாலும் காலை வேளைகளில்தான் கிடைக்கும். அதனால்தான் முதல் இரண்டு நாள் ஓய்வில் சலுகை காட்டாதீர்கள் என்று வலியுறுத்துகிறேன். அந்த ஓய்வுக்குப் பிறகு உடல்நலம் சீராக இருந்தால், எழுபது வயது என்பது அரண்மனை ஏறுவதற்கு ஒரு தடையே அல்ல.

குன்றின் மேலே அரண்மனை வரையில் கார் செல்லும் சாலை உண்டு. போகும்போது காரில் போய், உள்ளே நிதானமாகத் தளம் தளமாக ஏறி, ஒவ்வொரு தளத்திலும் அமர்ந்து இளைப்பாறட்டும். ஒரு கைவிளக்கு கொண்டுபோங்கள்.

கோதுமைவயல் எழுதியது:

மேலே எழுதியவர்கள் எல்லோரும் லே அரண்மனையையே முதலில் பார்க்கச் சொல்கிறார்கள். நான் மாறுபடுகிறேன். முதலில் ஸ்டோக் செல்லுங்கள்.

லேயிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், சிந்து நதியின் மறுகரையில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது ஸ்டோக் அரண்மனை. 1820களில் கட்டப்பட்டது. அரச மரபினரின் உடைமையாகவே அது இன்றும் இருக்கிறது. 1980 முதல் பொதுமக்களின் பார்வைக்குத் திறந்திருக்கிறது. அங்கே உள்ள அருங்காட்சியகத்தில் அரசியர் தலையில் அணிந்த பெராக் இருக்கிறது. நெற்றியிலிருந்து முதுகு வரை தொங்கும் தோல்பட்டையில் வரிசை வரிசையாக நீலப்பச்சை டர்க்காய்ஸ் கற்கள் தைத்திருப்பார்கள். வரிசைகளின் எண்ணிக்கையே அணிந்தவரின் தகுதியைச் சொல்லும். அரச முடி, சடங்குப் பாத்திரங்கள், நாணயங்கள், தங்கா எனப்படும் பழைய துணி ஓவியங்கள் எல்லாம் இருக்கின்றன. முடிச்சுப்போட்டதைப் போல முறுக்கிய வாள் ஒன்றும் உண்டு. தஷி நம்கியால் தம் கையாலேயே முறுக்கியது என்று சொல்கிறார்கள்.

இவற்றை முதலில் பார்த்த கண்ணோடு லே அரண்மனைக்குச் சென்றால், அங்கே உள்ள ஒவ்வொரு வெற்றறையிலும் எதை வைத்துப் பார்ப்பது என்று மனத்திற்குத் தெரியும். வெற்றறையை முதலில் பார்க்கிறவர்கள்தாம் உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதுகிறார்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கோதுமைவயல் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் நடந்தது எந்த வரிசையிலோ அந்த வரிசையிலேயே பார்ப்பதுதான் வரலாற்று ஆசிரியருக்குப் பொருந்தும் என்று நான் இன்னும் கருதுகிறேன். முதலில் ஒன்பது மாடி. அதன் உச்சியில் நின்று தெற்கே பார்த்தால், சிந்துவுக்கு அப்பால் ஸ்டோக் மலைத்தொடரும் அதன் அடிவாரத்துப் பசுமையும் தெரியும். அந்தப் பசுமைதான் அரச குடும்பம் போய் ஒதுங்கிய ஊர். இழந்த தலைநகரத்தை அவர்கள் தங்கள் புதிய வீட்டிலிருந்து நாள்தோறும் பார்த்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறார்கள் என்பது, லே அரண்மனையின் மேல்தளத்தில் நின்றபோது எனக்கு விளங்கியதைப் போல் எந்த நூலைப் படித்தபோதும் விளங்கவில்லை. அதன்பிறகு ஸ்டோக் சென்று அந்தப் பெராக்கைப் பார்க்கையில், அது ஒரு நகை என்பதைவிட இடம்பெயர்ந்தவர்கள் காப்பாற்றிக்கொண்ட உடைமை என்றே தோன்றும்.

நேரமும் உடல்நலமும் அனுமதித்தால் ஷே அரண்மனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லேக்கு முந்திய தலைநகரம் அது. செங்கே நம்கியாலின் மகன் தெல்தன் நம்கியால் தம் தந்தையின் நினைவாக 1655இல் அமைத்த, பொன்முலாம் பூசிய செப்புப் புத்தர் அங்கே அமர்ந்திருக்கிறார். 12 மீட்டர் உயரம். லேயின் கடைத்தெரு முனையில் இருக்கும் ஜும்மா மசூதியும் அதே தெல்தன் நம்கியாலின் காலத்தில், 1660களில், ஔரங்கசீப்போடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி எழுந்ததுதான். அரண்மனையின் உச்சியிலிருந்து அந்த மசூதியின் கோபுரங்கள் நேர் கீழே தெரியும்.

பொன்னி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இனி அரண்மனையை விட்டுவிடலாமா என்ற பேச்சே எழாது. மலைக்காற்று ஐயா சொன்னபடி மருத்துவரைப் பார்க்கவும் நாள் குறித்துவிட்டோம்.

இன்னும் இரண்டு ஐயங்கள். அரண்மனையிலிருந்து இறங்கும்போது பழைய ஊருக்குள் நடந்து வரலாம் என்கிறார்களே, அது அவரால் முடியுமா? அரண்மனைக்கும் மேலே சிவப்பு நிறத்தில் ஒரு கோயில் படங்களில் தெரிகிறது. அதையும் பார்க்க வேண்டும் என்று இப்போது கேட்கிறார்.

மண்சுவர் எழுதியது:

மேலே தெரிவது நம்கியால் சேமோ. 15ஆம் நூற்றாண்டில் தோன்றிய, வருங்காலப் புத்தரான மைத்ரேயரின் கோயில் அங்கே இருக்கிறது. அதையொட்டியுள்ள கோட்டையையும் காவல்தெய்வங்களின் கோயிலையும் 16ஆம் நூற்றாண்டில் கட்டியவர் ஸ்டோக்கில் உள்ள வாளோடு பெயர் இணைந்த அந்தத் தஷி நம்கியால்தான். ஆக, அரண்மனையைவிட மூத்த கட்டடங்கள் அவை. அரண்மனையிலிருந்து அங்கே ஏறும் பாதை செங்குத்தானது, கால் வழுக்கும் சரளைக்கல் நிறைந்தது. அதில் உங்கள் தந்தையாரை அழைத்துச் செல்ல வேண்டாம். சேமோவுக்கும் தனியே கார்ச்சாலை இருக்கிறது. முதலில் காரில் சேமோ சென்று, பிறகு அரண்மனைக்கு வந்துவிடுங்கள்.

பழைய ஊருக்குள் இறங்குவது அவரால் முடியும்; நான் அதைக் கட்டாயம் செய்யச் சொல்வேன். பழைய ஊரைப் பார்க்காதவர் அரண்மனையில் பாதியைத்தான் பார்த்தவர். அரசனின் அமைச்சர்களும் எழுத்தர்களும் வணிகர்களும் அரண்மனையின் காலடியில் நெருக்கியடித்துக் கட்டிய வீடுகள் அவை. சில சந்துகள் வீடுகளுக்குக் கீழேயே சுரங்கம் போலச் செல்கின்றன. 2008ஆம் ஆண்டில் உலக நினைவுச்சின்னங்கள் நிதியம் அழிவின் விளிம்பில் உள்ள நூறு இடங்களின் பட்டியலில் லேயின் பழைய ஊரைச் சேர்த்தது. குடியிருந்தவர்கள் தண்ணீரும் வாகன வசதியும் உள்ள புதிய பகுதிகளுக்குப் போய்விட, மண்வீடுகள் கவனிப்பாரின்றிச் சரிந்துகொண்டிருந்த காலம் அது. திபெத் மரபுடைமை நிதியத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளூர்க் கொத்தர்களோடும் தச்சர்களோடும் சேர்ந்து பல வீடுகளையும் சிறு கோயில்களையும் மீட்டெடுத்திருக்கிறார்கள். அரண்மனைக்கு நேர் கீழே, அரசனின் எழுத்தர் குடும்பம் வாழ்ந்த முன்ஷி வீட்டில் லடாக் கலை மற்றும் ஊடக அமைப்பு இயங்குகிறது. அங்கே கண்காட்சி நடந்தால் உள்ளே சென்று பாருங்கள். அரண்மனையில் வெறுமையாகக் கண்ட அதே வகை அறை, சீர்செய்யப்பட்டுப் பயன்பாட்டில் இருக்கும்போது எப்படி இருக்கும் என்பதை அந்த வீட்டில் காணலாம்.

அரண்மனை வாயிலிலிருந்து சேமோ பக்கம் போகாமல் கீழ்நோக்கிச் செல்லும் படிகளில் இறங்கினால், சோமா கோம்பா என்னும் பௌத்தக் கோயிலையும் சாம்பா கோயிலையும் கடந்து மசூதியின் பின்புறமாகக் கடைத்தெருவை அடைவீர்கள். கைத்தடி ஒன்று இருக்கட்டும். தெருநாய்கள் உண்டு, பகல் வெளிச்சத்திலேயே இறங்கிவிடுங்கள். வீடுகளில் மக்கள் வாழ்கிறார்கள், ஆகவே கேட்காமல் வாசலுக்குள் எட்டிப்பார்க்க வேண்டாம். எதிரே வருகிறவர்களிடம் ஜூலே என்று வணக்கம் சொன்னால் அவர்களே வழியும் காட்டுவார்கள்.

அரண்மனையை முழு உருவில் படமெடுக்க வேண்டுமானால், மாலையில் சாங்ஸ்பா பக்கத்திலுள்ள சாந்தி தூபிக்குக் காரில் செல்லுங்கள். மேற்கு வெயில் அப்போது அரண்மனையின் மேல் நேராக விழும். கார் ஓட்டுநரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: காலையில் சேமோவிலும் பிறகு அரண்மனையிலும் இறக்கிவிட்டுவிட்டு, கடைத்தெருவில் காத்திருக்க வேண்டும் என்று.